திரும்பி வந்தவனை எழுதாத இலக்கியம்

நோயுற்றவனைப் பற்றி எழுத நம் எழுத்தாளர்களுக்குத் தெரியும். நோயில் மாண்டவனைப் பற்றி எழுத இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் தொற்றுநோய் கண்டு, ஊராரால் ஒதுக்கி வைக்கப்பெற்று, குணம் அடைந்து, மறுபடியும் தன் தெருவுக்குள் காலடி வைக்கிறானே ஒருவன், அவனை எழுதுவதற்குத் தமிழில் போதிய முயற்சி நடைபெறவில்லை என்பது நம் துணிபு. நோயின் கதை மருத்துவமனை வாயிலில் முடிந்துவிடுவதாக நம் கதைகளும் கவிதைகளும் கருதிக்கொண்டிருக்கின்றன. உண்மையில் அங்கேதான் ஒரு கதை தொடங்குகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், தமிழ்நாட்டில் மேலும் ஐவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகியிருப்பதாக அறிவிப்பு வந்தது. அவர்களுள் நால்வர் இந்தோனேசிய நாட்டினர். ஐந்தாமவர் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த சென்னைக்காரர். மார்ச் 22 முதல் ஐவரும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனிமையில் வைக்கப்பட்டிருந்தனர். அதுவரை சீனத்திலும் இத்தாலியிலும் நடந்துகொண்டிருந்த ஒன்று, சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களின் வாசலில் வந்து நின்றது. அதன் பிறகு மாலைதோறும் நல்வாழ்வுத் துறையின் செய்திக்குறிப்புக்காக வீடுகள் காத்திருந்தன. புதிதாகத் தொற்றியோர், இறந்தோர், குணமடைந்து வீடு திரும்பியோர் என மூன்று எண்கள். முதல் இரண்டையும் அச்சத்துடன் கேட்டோம். மூன்றாவதை ஒரு பெருமூச்சுடன் கேட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனோம்.

'குணமடைந்து வீடு திரும்பினார்.' ஒரு திறனாய்வாளன் இந்த வாக்கியத்தையும் ஓர் இலக்கியப் பகுதியைப் போலவே எடுத்துப் பார்க்கலாம். வினைமுற்று வந்தவுடன் மனிதன் மறைந்துவிடுகிறான். வீட்டில் யார் கதவைத் திறந்தார்கள், அண்டை வீட்டார் முகம் எப்படி இருந்தது, மறுநாள் கடையில் அவன் நீட்டிய பணத்தை வாங்கினார்களா என்பவற்றுக்கு அதில் இடமில்லை. அரசாங்கக் குறிப்புக்கு இவை தேவையில்லை; அதைக் குறை சொல்வதற்கில்லை. கணக்கு எழுதுகிறவன் கணக்கைத்தான் எழுதுவான். ஆனால் கதையும் கவிதையும் எழுதுகிறவர்கள் அதே வாக்கியத்தில் நின்றுவிட்டதுதான் வியப்பு.

அந்த ஆண்டு மே 8ஆம் நாள் மத்திய அரசு ஒரு விதியை மாற்றியது. அதற்கு முன்னர், அடுத்தடுத்து இரு சோதனைகளில் கிருமி இல்லை என்று தெரிந்தால்தான் நோயாளி வெளியே வரமுடியும். மாற்றத்திற்குப் பிறகு, இலேசான நோய் உடையவர்கள் அறிகுறி தோன்றிப் 10 நாட்கள் கழிந்து, கடைசி 3 நாட்கள் காய்ச்சலும் இல்லையாயின், மறு சோதனையின்றியே வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மேலும் 7 நாட்கள் தனித்திருந்தால் போதும் என்றாயிற்று. மருத்துவ நோக்கில் இது சரியான முடிவே. அதற்குள் தொற்றும் ஆற்றல் போய்விடுகிறது. சோதனையில் எஞ்சித் தெரிவது செத்த கிருமியின் துணுக்காகவும் இருக்கலாம். ஆனால் தெருவுக்கு அறிவியல் விளக்கம் போதவில்லை, தாள் வேண்டியிருந்தது. 'நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்களா?' என்று கேட்டவனுக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் நின்ற மனிதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மருத்துவம் தன் சான்றைக் கைவிட்ட இடத்தில் தெரு தன் சந்தேகத்தைத் தொடங்கியது. ஒரு சிறுகதைக்கு இதனினும் வேறு கரு வேண்டுமா?

இத்தகைய நெருக்கடி நம் முன்னோர்க்குப் புதிதன்று. அவர்கள் அதற்கென ஒரு வழக்கமும் வைத்திருந்தார்கள். அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பார்ப்போம். வாசலில் வேப்பிலை செருகப்படும். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள். வெளியார் உள்ளே வருவதில்லை. உள்ளிருப்பவர் விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை. கொப்புளம் உலர்ந்து பொருக்கு உதிரத் தொடங்கியதும், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை முற்றத்து வெயிலில் வைத்துச் சூடேற்றித் தலைக்கு ஊற்றுவார்கள். ஒரு முறையன்று, நாள் விட்டு மூன்று முறை. மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்ற செய்தி தெருவுக்குத் தெரியும். வாசல் வேப்பிலை எடுக்கப்படும். அதன்பின் அந்தப் பிள்ளையை யாரும் விலகி நின்று பார்ப்பதில்லை.

ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்தச் சமவெளியில் அம்மையைப் பற்றிய நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதை அறிவார்கள். அந்த நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும் நம்மவர் தெருக்களிலும் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை உண்டு என்பதை மறைப்பானேன்? இங்கு நாம் கருதுவது நம்பிக்கையை அன்று, அதன் வடிவத்தை. அந்த வழக்கத்தில் ஒதுங்குவதற்கு ஓர் அடையாளம் இருந்தது. திரும்புவதற்கும் ஓர் அடையாளம் இருந்தது. பெரியம்மையில் பொருக்கு முழுவதும் உதிரும் வரையில் தொற்று உண்டு என்பது பிற்கால மருத்துவமும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆகவே மூன்று தண்ணீர் என்பது வெறும் சடங்காக மட்டும் நிற்கவில்லை. அது ஒரு காலக் கணக்கு, ஊரறிந்த கணக்கு. இந்திய நாட்டில் 1975ஆம் ஆண்டு மே மாதத்துடன் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகமே அதனின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. திரும்பி வருகிறவனை வரவேற்கும் முறையும் மெல்ல மங்கியதே, அதைத்தான் சொல்கிறோம்.

சேலத்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கிலும் இதே மௌனம் இருக்கிறது. 1901இல் நகரத்து மக்கள் 70,621 பேர். 1911இல் 59,153. 1921இல் 52,244. பிளேக் இந்நகரை வாட்டிய ஆண்டுகள் இவற்றினிடையே அடங்கியிருக்கின்றன. எலி விழுந்தது என்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு வயல்வெளியில் கொட்டகை போட்டுக்கொண்டு குடும்பங்கள் வாழ்ந்த காலம் அது. அண்டை நகரான கோவையில் 'பிளேக் மாரியம்மன்' என்றே கோயில் இருக்கிறது. தெய்வத்திற்குப் பெயர் சூட்டிய மக்கள், பூட்டிய வீட்டை மறுபடியும் திறந்த நாளைப் பற்றி நமக்குக் கதை சொல்லவில்லை.

இனி நாடகத்திற்கும் திரைக்கும் வருவோம். தமிழ் மக்கள் மனத்தில் தொழுநோயாளியின் உருவத்தை ஆழப் பதித்த படைப்பு ஒன்றே ஒன்றுதான். அது 'இரத்தக் கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுத, எம். ஆர். இராதா ஊர் ஊராக நடித்து வந்த நாடகம், 1954இல் கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. இராதாவின் நடிப்பைப் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. குரலை உடைத்தும் ஏற்றியும் அவர் செய்த விந்தைகளை இன்றும் இளைஞர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். சீர்திருத்த இயக்கத்தவர் அந்த மேடையில் மூடப்பழக்கங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள் என்பதும் உண்மையே.

ஆனால் அந்தப் படைப்பின் அடித்தளத்தில் கிடப்பது சீர்திருத்தக் கருத்தா? மேல்நாடு சென்று திரும்பிய செல்வன் மோகன், மனைவியை விட்டுக் காந்தாவை நாடுகிறான். அதன் விளைவாகத் தொழுநோய் வருகிறது. கண் போகிறது, செல்வம் போகிறது, பிச்சை எடுக்கிறான். முடிவில் பிறருக்கு எச்சரிக்கையாக அவனுக்கு ஒரு சிலை. தீய ஒழுக்கத்துக்குத் தண்டனையாக உடல் அழுகும் என்பது மிகப் பழைய கருத்து. பகுத்தறிவு மேடைக்குச் சற்றும் பொருந்தாத கருத்து. தொழுநோய் ஒழுக்கக் கேட்டால் வருவதன்று. அது ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டுவிட்டார். மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. இதனினும் பெரிய முரண் ஒன்று உளது. படம் வெளிவந்த 1954இல் தொழுநோய்க்கு மருந்து வந்துவிட்டது. செங்கற்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனையில் 1940களின் பிற்பகுதியிலேயே சல்போன் மருந்துகள் கொடுத்து நோயாளிகளைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அதே மாநிலத்துத் திரைக்கூடங்களில் மோகன் தேறாமல் அழுகிக்கொண்டிருந்தான்.

படத்தின் முடிவை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தன் மனைவிக்கும் நண்பனுக்கும் மணம் முடிக்கும்படி அவனே சொல்கிறான். அதாவது, தன் வீட்டில் தனக்குரிய இடத்தைத் தானே காலி செய்கிறான். பிறகு நாற்சந்தியில் கல்லாய் நிற்கிறான். நோயாளி ஊருக்குள் திரும்பலாம், ஆனால் உயிரோடு அன்று என்பதுதான் அந்தச் சிலைக்குப் பொருள். மூன்று தலைமுறைகள் அந்தச் சிலையைப் பார்த்துக் கைதட்டியிருக்கின்றன.

கரிச்சான் குஞ்சு 1978இல் வெளியிட்ட 'பசித்த மானிடம்' இதற்கு நெடுந்தொலைவு அப்பாற்பட்ட நூல். அதன் நாயகன் கணேசனும் தொழுநோய் கண்டவனே. ஆனால் ஆசிரியர் நோயைத் தண்டனையாக்கவில்லை. அருவருப்பையோ பரிவையோ வாசகனிடம் யாசிக்கவும் இல்லை. பல்லாண்டுகள் கழித்துத் தன் இளமைக்கால ஊருக்கு வந்து சேரும் ஒருவனை அவர் எழுதத் துணிந்தார். உடலின் பசிகளை மறைக்காமல் எழுதியதால் அந்நூல் நெடுங்காலம் முணுமுணுப்புக்குள் கிடந்தது. 2022இல் ஆங்கிலத்தில் வந்த பின்னரே பலர் அதைத் தேடிப் படித்தார்கள் என்பது தமிழுக்குப் பெருமை தரும் செய்தியன்று.

அந்நூலிடத்தும் நமக்கொரு மனக்குறை உண்டு. தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்: ஒன்று மனை, மற்றொன்று பேறு. கணேசனுக்கு ஆசிரியர் இரண்டாவது வீட்டைத் தந்தார், முதலாவதைத் தரவில்லை. திரும்பி வந்தவன் உள்முகத் தெளிவு பெறுகிறான், பற்று விடுகிறான். ஒதுக்கப்பட்டவன் ஞானியானால் ஊருக்கு மிகவும் வசதி. அவனுக்குச் சோறு போட்டால் புண்ணியம். பெண் கொடுக்க வேண்டியதில்லை, வேலை கொடுக்க வேண்டியதில்லை. கரிச்சான் குஞ்சு இந்த வசதிக்காக எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அவருடைய நோக்கம் வேறு, அது உயர்ந்ததே. ஆயினும் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் விலை கேட்கும் கணேசன் தமிழில் பிறக்காமலே போய்விட்டான்.

எழுத்தாளர்கள் காணாததை ஒரு மருத்துவர் கண்டார். அவர் இந்தச் சமவெளிக்கு மேலே நிற்கும் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மலையில் ஊழியம் செய்த ஆங்கிலப் பெற்றோரின் மகன். பெயர் பால் பிராண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் பணியேற்று, மடங்கிப்போன தொழுநோயாளரின் விரல்களை அறுவை செய்து நிமிர்த்தும் முறையை வகுத்தார். கை நிமிர்ந்தது, மனிதன் மகிழ்ந்து ஊருக்குப் போனான். சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து முறையிட்டான். பழைய கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள் புதிய கையைக் கண்டு போடவில்லை. அந்தக் கைக்கு வேலை கொடுக்கவும் யாருமில்லை. பிச்சைக்கும் உதவாத, பிழைப்புக்கும் உதவாத கையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வியிலிருந்துதான் வேலூரில் புதுவாழ்வு நிலையம் என்னும் குடியிருப்பு உருவாயிற்று. அங்கே தச்சுவேலையும் பொம்மை செய்தலும் கற்பித்தார்கள். நோய் தீர்ப்பது வேறு, மனிதனை மீட்பது வேறு என்பதை அறுவைக் கத்தி பிடித்தவர் உணர்ந்தார். கொல்லிமலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாழ்கிற நாமக்கல், இராசிபுரம் பக்கத்து எழுத்தாளர்கள் யாரேனும் அந்தக் கையின் கதையை எழுதக்கூடாதா?

சட்டமும் இலக்கியத்தைப் போலவே பின்தங்கித்தான் நடந்தது. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. நம் சமுதாயத்தை நேரே தொடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனுக்குத் தொழுநோய் இருப்பதை மனைவி மணமுறிவு கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்தது. பெண்ணுக்குக் காப்பாக எழுதப்பட்ட விதி அது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் நியாயமும் உடையது. ஆனால் 1982இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையை வகுத்துத் தந்து, சில திங்களில் நோய் தீரும் என்றான பின்னரும் அந்தச் சொல் அங்கேயே இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டந்தான் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவ மணச் சட்டங்கள் யாவற்றினின்றும் அதனை அகற்றிற்று. எண்பது ஆண்டுகள்! இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டன என்று எண்ணினால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும்.

நம் மரபில் திரும்பி வந்தவனுக்கு முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாறு அது. ஆனால் நம் மேடைகளில் அது எப்படிச் சொல்லப்படுகிறது? குப்பை மேட்டில் கிடந்தார், உடம்பில் புழு நெளிந்தது என்று கேட்போர் கண்ணீர் சிந்தும் வரையில் நோயே விரிக்கப்படுகிறது. இவை ஆதாரமற்ற கட்டுக்கதைகள் என்று மார்க்க அறிஞர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். இறைமறையோ நோயைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாமல், மீட்சியைச் சொல்கிறது. காலால் நிலத்தை உதைக்கும்படி கட்டளை. குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர். பிறகு குடும்பம் திரும்பக் கிடைத்தது, அதைப் போல் இன்னும் ஒரு மடங்கும் கிடைத்தது. அதனோடும் நிற்கவில்லை. ஒரு பிடிப் புல்லை எடுத்து அடித்துச் சத்தியத்தை நிறைவேற்றும்படியான கட்டளையும் அங்கே வருகிறது. நோயின் வேதனையில் மனைவியைப் பற்றிச் செய்துவிட்ட சத்தியம் அது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். இதைப் படிக்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. குணமடைந்தவன் முதலில் செய்ய வேண்டியிருந்த காரியம், படுக்கையில் கிடந்தபோது வீட்டாரிடம் சொல்லிவிட்ட கடுஞ்சொல்லை யாருக்கும் நோகாமல் தீர்த்துக்கொள்வது. அன்றாட வாழ்வுக்குத் திரும்புதல் என்பதன் நுட்பம் முழுவதும் அதில் இருக்கிறது. கிஸ்ஸாவும் நாமாவும் பாடிய மரபில் வந்த நாம், இந்த இடத்தில் நின்று ஒரு நாழிகை சிந்தித்திருக்க வேண்டாமா?

2020இல் நம்மவர் திரும்பி வந்த முறை தனி வகையானது. தில்லி நிஜாமுத்தீனில் அவ்வாண்டு மார்ச்சில் நடைபெற்ற கூட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போயிருந்தனர். ஏப்ரல் மாதத்து நாட்களில் தொற்றுக் கணக்கு அவர்கள் பெயரால் தனியே பிரித்துச் சொல்லப்பட்டது. இந்தச் சமவெளி ஊர்களுக்குத் திரும்பியவர்களும் மருத்துவமனைகளில் தனித்து வைக்கப்பட்டார்கள். தேறி வந்தபோது அவர்கள் மேல் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று கிருமியைப் பற்றியது. அது பத்து நாளில் தீரும். மற்றொன்று அவ்வளவு எளிதில் தீர்வதன்று. அந்த ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் மீதான வழக்குகளைத் தள்ளி, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று கருத்துரைத்தது. தேறியவர்களுள் பலர், பிற நோயாளருக்காகத் தம் குருதியின் பிளாஸ்மாவைக் கொடுத்தார்கள்.

இதைப் பற்றி நம் கவிஞர்கள் எழுதியவற்றைப் படித்தோம். ஒருசாரார் வசை பாடினார்கள். மறுசாரார் உபதேசம் செய்தார்கள். தொற்று உள்ள ஊருக்குள் நுழையாதீர், உள்ளிருப்போர் வெளியேறாதீர் என்னும் நபிமொழியை எடுத்துக்காட்டாதவர் இல்லை. நல்லதே. ஆனால் கதவு அடைப்பதைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கதவு திறப்பதைப் பற்றிப் பேசியவர் அரியர். வசையில் கோபம் உண்டு, மனிதன் இல்லை. உபதேசத்தில் அவனும் இல்லை, கோபமும் இல்லை.

எழுதுவதற்கு இங்கே பொருளா இல்லை? வடநாட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போய் நோயோடு திரும்பிய நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர், தேறிய பின் மறுபடி வண்டி ஏறுகிறார். கூட வரும் கிளீனர் முன்போல ஒரே தட்டில் கை வைப்பானா? திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் ஒரே கூடாரத்தில் உறங்கும் ஆட்கள் அவனுக்கு இடம் ஒதுக்குவார்களா? சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவன், வாசனை அறியாத மூக்கோடு தொழிலுக்குத் திரும்புகிறான். பள்ளிவாசலில் இடைவெளி விட்டு நின்ற வரிசைகள் மறுபடியும் தோளோடு தோள் சேர்ந்த முதல் நாளில், அவனுடைய வலப்பக்கம் நின்றவர் அரையடி நகர்ந்தாரா, நகரவில்லையா? வீட்டில் அவனுக்கென்று எடுத்து வைத்த தம்ளர் எத்தனை நாள் கழித்து மற்றத் தம்ளர்களோடு சேர்ந்தது, அதைச் சேர்த்தது யார்? மனைவியா, தாயா, ஒன்றும் அறியாத குழந்தையா?

அந்த நாட்களில் நோய் கண்ட வீட்டுக் கதவில் உள்ளே வராதீர் என்று அச்சிட்ட தாள் ஒட்டினார்கள். தகரம் வைத்துத் தெருவை அடைத்த இடங்களும் உண்டு. 2020 டிசம்பர் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி ஆணையிட்டாலன்றி வீடுகளில் அத்தகைய தாள் ஒட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. வாசல் வேப்பிலையை எடுக்கும் நாள் ஊருக்குத் தெரிந்திருந்தது. எடுக்கிற கையும் வீட்டாருடைய கை. தாளை ஒட்டியது நகராட்சியின் கை. கிழிக்க வேண்டிய நாள் வந்தபோது, தேறியவனே பக்கத்து வீட்டு விளக்கு அணையும் வரை காத்திருந்து, நகத்தால் சுரண்டி எடுத்தான் என்று ஒருவர் கதை எழுதினால், நாம் அதை முதல் பக்கத்தில் வெளியிடுவோம்.